மூன்று ஃப்ரேமில் ஒரு முகம்

(காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்காக நூலக அரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடியோ எடிட்டிங்கில் மாஸ்க் போடுவது, அதைத் திருத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதை உங்களில் பலர் எனக்கே சொல்லித் தருவீர்கள். அதனால் பொத்தானை விட்டுவிட்டு, எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்த ஓர் அக்காவிடமிருந்து தொடங்குகிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. செய்தித் தொலைக்காட்சி ஒன்றில் இரவுப் பணி. ஒரு சிறுமி சம்பந்தப்பட்ட வழக்கு. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளை நீதிமன்ற வளாகத்தில் நடந்து போகிற காட்சி, எட்டு நொடி. முகத்தைச் சுற்றி ஒரு வட்ட மாஸ்க் வரைந்தேன். உள்ளே மங்கலாக்கினேன். முகம் போகிற பக்கமெல்லாம் மாஸ்க் போகும்படி ட்ராக் செய்தேன். நடுவில் ஒரு போலீஸ்காரர் குறுக்கே கடந்தபோது ட்ராக்கர் முகத்தை விட்டுவிட்டு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு போனது. அதையும் கவனித்து, மாஸ்க்கை இழுத்துவந்து மறுபடி முகத்தில் வைத்துக் கீஃப்ரேம் போட்டேன். ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அனுப்பலாம் என்று எழுந்தேன்.

அக்கா என் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் ஓட்டிப் பார்க்கவில்லை. விசைப்பலகையில் வலப்பக்க அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒரு தட்டுக்கு ஒரு ஃப்ரேம். எட்டு நொடிக்கு 200 தட்டு. நூற்றுச் சொச்சத்தில் கையை நிறுத்தினார்.

“தம்பி, இந்த மூணு ஃப்ரேம்ல பிள்ளை தெரியுறா பாரு.”

போலீஸ்காரரின் தோளிலிருந்து முகத்துக்குத் திரும்பி வருகிற வழியில் மாஸ்க் இருந்தது. அது வந்து சேர்வதற்குள் முகம் மூன்று ஃப்ரேம் வெளியே இருந்தது. நம் தொலைக்காட்சியில் நொடிக்கு 25 ஃப்ரேம். மூன்று ஃப்ரேம் என்றால் 0.12 நொடி. ஓடுகிற படத்தில் என் கண்ணுக்கு அது படவில்லை. ஆனால் பார்க்கிறவர் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். அந்தப் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போடலாம். அதற்கு ஒரே ஒரு ஃப்ரேம் போதும்.

நான் அந்த மூன்றையும் திருத்திவிட்டு நிமிர்ந்தேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. “அம்மா முகம்?” என்றார். தாயை அடையாளம் தெரிந்தால் மகளை அடையாளம் தெரியாதா? போக்சோ சட்டம் 2012இன் 23ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம் மட்டும் இல்லை. குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம் என்று அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது. அன்று இரவு தாயின் முகத்துக்கு ஒன்று, பிள்ளையின் தோளில் தொங்கிய பையில் அச்சிட்டிருந்த பள்ளிப் பெயருக்கு ஒன்று என இன்னும் இரண்டு மாஸ்க் வரைந்தேன். பிறகு நானே அம்புக்குறியை 200 முறை தட்டினேன்.

அந்த இரவில்தான் இந்த வேலை என்ன என்று எனக்குப் புரியத் தொடங்கியது. நான் இதுவரை செய்த மாஸ்க் வேலைகளில் எது பெரியது என்று யார் கேட்டாலும், மாயாஜாலக் காட்சிகளைச் சொல்வதில்லை. இதைத்தான் சொல்கிறேன்.

சரி, மாஸ்க் என்றால் என்ன? இதோ என் கையில் ஒரு கறுப்பு அட்டை, நடுவில் ஒரு ஓட்டை. இதைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் ஓட்டை வழியாக நீங்கள் தெரிகிறீர்கள், மற்றது மறைகிறது. கணினிக்குள் இருப்பதும் இந்த அட்டைதான். ஒரு படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொரு படம் அது. அதில் வண்ணம் கிடையாது. வெள்ளையாக உள்ள இடத்தில் உங்கள் படம் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் தெரியாது, சாம்பலாக உள்ள இடத்தில் பாதி தெரியும். இந்தக் கூடுதல் படத்துக்கு ஆல்ஃபா என்று பெயர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் இருவரும் அதைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமில் இருந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் ஒரு படத்தின்மேல் இன்னொன்றை வைக்கும் கணக்கை ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். நால்வருக்கும் சேர்த்து 1996இல் ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருது கொடுத்தது. நீங்கள் எந்த மென்பொருளில் மாஸ்க் வரைந்தாலும் அடியில் ஓடுவது அந்தக் கணக்கு.

ஒரு ஹெச்டி ஃப்ரேமில் 1920க்கு 1080, அதாவது 20,73,600 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 என்றால் வெளியே, 255 என்றால் உள்ளே. இந்த இரண்டையும் எந்த மென்பொருளும் செய்துவிடும். நமக்குச் சம்பளம் கொடுப்பது நடுவில் உள்ள 254 எண்களுக்காக. உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் விளிம்பில் நிற்கும் பிக்சல்களுக்காக.

இந்த அட்டை சினிமா பிறந்த சில ஆண்டுகளிலேயே வந்துவிட்டது. 1898இல் பிரான்சில் ஜார்ஜ் மெலியே தன் தலையைத் தானே கழற்றி மேசைமேல் வைத்தார். கறுப்புத் திரையின் முன் நின்று, ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பதிவு செய்த படம் அது. 1903இல் அமெரிக்காவில் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’யில் தந்தி அலுவலக ஜன்னலுக்கு வெளியே ரயில் வருகிறது. அலுவலகம் அரங்கில் போட்ட செட். ரயில் வேறோர் இடத்தில் எடுத்தது. ஜன்னல் சட்டம்தான் மாஸ்க்கின் விளிம்பு. ஜன்னலுக்குச் சட்டம் இருப்பது இயல்பு. அதனால் ஒட்டுப்போட்ட கோட்டைக் கண் தேடுவதில்லை. அந்த யோசனைக்கு நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

நம் ஊரில் இது இரட்டை வேடமாக வந்தது. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு. சின்னப்பா இரண்டு வேடம். தமிழில் அதுவே முதல் இரட்டை வேடப் படம். பின்னால் 1958இல் சிவாஜி அதே பெயரில் நடித்தார். ஃபிலிம் காலத்துக் கேமராக்காரர்கள் இதை ‘மாஸ்க் ஷாட்’ என்பார்கள். லென்ஸின் முன்னால் பாதியை மறைத்து ஒரு வேடத்தை எடுப்பார்கள். பிறகு ஃபிலிமைத் தொடங்கிய அதே ஃப்ரேம் வரைக்கும் எண்ணிப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை எடுப்பார்கள். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழும். விழுந்ததா இல்லையா என்பது லேபிலிருந்து ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தெரியும். அவர்களுக்கு அன்டூ பொத்தான் இல்லை.

நீங்கள் இதைச் செய்து பார்க்க வேண்டும். மாஸ்க் கற்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கைப்பேசியை முக்காலியில் இறுக்கிக் கட்டுங்கள். ஃபோகஸ், வெளிச்ச அளவு, வெண்சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். தானாக மாறும்படி விட்டால் இரண்டாவது தடவை எடுக்கும்போது சுவரின் நிறம் வேறாகிவிடும். முதலில் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு வலப்பக்கம். இரண்டையும் டைம்லைனில் ஒன்றன்மேல் ஒன்றாக, முதலில் எடுத்தது மேலே வரும்படி வைத்து, மேல் லேயரில் பென் டூலால் இடப்பக்கத்தை மட்டும் வளைத்து வரையுங்கள். அவ்வளவுதான், நீங்கள் இருவர்.

இப்போதுதான் வேலை ஆரம்பிக்கிறது. கோடு எங்கே போகிறது? சுவரில் ஒரு தூண் இருந்தால் அதன் ஓரமாகப் போகட்டும். கதவு நிலை இருந்தால் இன்னும் நல்லது. எட்வின் போர்ட்டரின் ஜன்னலை நினைத்துக்கொள்ளுங்கள். உச்சியில் மின்விசிறி ஓடினால், கோடு அதைத் தாண்டும் இடத்தில் இறக்கைகள் முறிந்து தெரியும். விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்க நடியுங்கள். திரைச்சீலை ஆடினாலும் இதே கதை. இரண்டு தடவைக்கும் நடுவில் வெளியே மேகம் கடந்தால் அறையின் பாதி இருண்டிருக்கும். எல்லாம் சரியாக இருந்தும் பொய் தெரிகிறதா? நிழலைப் பாருங்கள். வலப்பக்கத்தவரின் நிழல் தரையில் இடப்பக்கம் நீண்டு, கோட்டுக்கு வந்ததும் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றிருக்கும். ஆளை உள்ளே எடுக்கும்போது அவரோடு அவருடைய நிழலையும் எடுக்க வேண்டும். நிழலின் ஓரம் உடம்பின் ஓரத்தைப் போல் இருக்காது, கரைந்துபோகும். அங்கே மாஸ்க்கின் ஓரமும் கரைய வேண்டும்.

இந்தக் கரைதலைத்தான் ஃபெதர் என்கிறோம். இது எனக்குக் கணினிக்கு முன்பே அறிமுகம். என் மாமா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கறுப்பு வெள்ளைப் படம் பிரிண்ட் போடும் இருட்டறையில், முகம் ரொம்ப இருண்டு வரும் என்று தோன்றினால், கம்பி முனையில் ஒட்டிய வட்ட அட்டையை என்லார்ஜர் வெளிச்சத்துக்குக் குறுக்கே, முகம் விழும் இடத்துக்கு மேலே பிடிப்பார். வெளிச்சம் குறைந்தால் காகிதத்தில் அந்த இடம் வெளுப்பாக வரும். ஒருநாள் என்னிடம் பிடிக்கக் கொடுத்தார். நான் மூச்சை அடக்கி ஆடாமல் அசையாமல் பிடித்தேன். படம் கழுவி வந்தபோது முகத்தைச் சுற்றித் தட்டு வைத்ததுபோல் ஒரு வட்டம். “மாப்ளே, கையை நிறுத்தாதே. அசைச்சுக்கிட்டே இரு” என்றார் மாமா. கை அசைய அசைய அட்டையின் விளிம்பு எந்த ஓரிடத்திலும் தங்காது. வட்டம் மறைந்து முகம் மட்டும் தெளிந்தது. கலர் கிரேடிங்கில் இன்று நாம் நடிகரின் முகத்தில் வைக்கிற மாஸ்க் என் மாமாவின் கம்பி அட்டையேதான்.

ஃபெதரில் எல்லோரும் செய்யும் பிழை ஒன்று. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஃபெதர் 20 என்று வைத்தால் அது நீங்கள் வரைந்த கோட்டுக்கு உள்ளே 10, வெளியே 10 எனப் பிரியும். வெளியே போன அந்த 10 பிக்சலில் பழைய பின்னணி ஒட்டிக்கொண்டு வரும். வெயிலில் எடுத்த ஆளை இரவுக் காட்சியில் வைத்தால் அவரைச் சுற்றி வெள்ளைக் கரை தெரிவது இதனால்தான். உடனே ஃபெதரைக் குறைக்காதீர்கள். எம் விசையை இரண்டு முறை தட்டினால் மாஸ்க்கின் எல்லா அளவுகளும் திறக்கும். அதில் எக்ஸ்பான்ஷனை மைனஸ் 10க்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். கரை உள்ளே சுருங்கும், மென்மை அப்படியே இருக்கும்.

அதைவிடப் பெரிய பிழை, உடம்பு முழுக்க ஒரே அளவு ஃபெதர் வைப்பது. ஓடி வருகிற ஒருவரை நிறுத்திப் பாருங்கள். தரையில் ஊன்றிய காலின் செருப்பு ஓரம் கூர்மையாக இருக்கும். வீசுகிற கை கலங்கியிருக்கும். 25 ஃப்ரேமில் வழக்கமான ஷட்டர் 50இல் ஒரு பங்கு நொடி திறந்திருக்கிறது. திரையின் அகலத்தை ஒரு நொடியில் கடக்கிற கை அந்தத் திறப்புக்குள் சுமார் 38 பிக்சல் நகர்ந்துவிடும். ஆகவே அந்தக் கைக்கு ஓரம் என்பது ஒரு கோடு இல்லை, 38 பிக்சல் அகலமான ஒரு பட்டை. அங்கே கூர்மையாக வெட்டினால் காகித பொம்மை. ஊன்றிய காலுக்கு 38 பிக்சல் ஃபெதர் போட்டால் கால் தரையைத் தொடாமல் மிதக்கும். எந்த ஓரம் எப்படி முடிகிறது என்று பார்க்கும் பழக்கம் இருந்தால் அளவுகள் தாமாக வரும். இல்லாவிட்டால் எந்த அளவும் உதவாது.

அடுத்து புள்ளிகள். பென் டூல் போடுகிற வளைவைப் பெசியே வளைவு என்கிறோம். பிரான்சில் ரெனோ கார் நிறுவனத்தில் பியர் பெசியேவும், அவருக்கு முன்பே 1959இல் சிட்ரோயன் நிறுவனத்தில் பால் தெ காஸ்டல்ஜோவும் காரின் உடல் வளைவுகளை எண்களில் எழுதுவதற்காகக் கண்ட கணக்கு. சில புள்ளிகளில் ஒரு காரின் முதுகையே வரைந்தார்கள். நம் மாணவர்கள் ஒரு காதைச் சுற்றி முப்பது புள்ளி வைக்கிறார்கள். முப்பதையும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகர்த்தினால் முப்பதும் ஒன்றாக நகராது. படத்தை ஓட்டும்போது காதின் ஓரம் உலைநீர்போல் கொதிக்கும். வளைவு திரும்பும் இடங்களில் மட்டும் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளி காது மடலின் நுனியில் தொடங்கினால் கடைசி ஃப்ரேம் வரை அதே நுனியில் இருக்கட்டும்.

ஆளை ஒரே கோட்டில் சுற்றாதீர்கள். தையற்காரர் சட்டையை ஒரே துண்டாகவா வெட்டுகிறார்? முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் என்று தனித்தனியாக வெட்டி, சேரும் இடத்தில் தையலுக்கு ஓரம் விடுகிறார். தலை, உடல், மேற்கை, முன்கை, உள்ளங்கை, தேவைப்பட்டால் ஒவ்வொரு விரலும் தனி மாஸ்க். சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறட்டும். இடுப்பில் கை ஊன்றி நின்றால் கைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு முக்கோண இடைவெளி தெரியும். அதற்கு ஒரு மாஸ்க் வரைந்து கழித்தல் முறையில் வையுங்கள்.

கீஃப்ரேமும் அப்படித்தான். முதல் ஃப்ரேமிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். அசைவின் எல்லைகளைத் தேடுங்கள். நடப்பவருக்குக் குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேம், கால்கள் ஒன்றையொன்று கடக்கும் ஃப்ரேம். அங்கே வடிவத்தைச் சரிசெய்தால் நடுவில் உள்ளவற்றைப் பெரும்பாலும் கணினி சரியாக நிரப்பும். பிழைத்த இடத்தில் மட்டும் கை வையுங்கள்.

முடிக்கு வந்துவிட்டோம். முடியைக் கையால் வரைய முடியாது, முயலவும் வேண்டாம். இதற்குத் திரையுலகம் தேடிய விடைகளில் எனக்கு மிகப் பிடித்தது சோடியம் விளக்கு. 1964இல் வந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்தில் நடிகர்கள் வெள்ளைத் திரைக்கு முன் நின்றார்கள். அந்தத் திரையில் மட்டும் தெருவிளக்குபோல் மஞ்சள் சோடியம் ஒளி. கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரித்தது: ஒரு ஃபிலிமில் அந்த ஒற்றை மஞ்சள் நீங்கிய வண்ணப் படம், இன்னொன்றில் அந்த மஞ்சள் மட்டும். இரண்டாவதே மாஸ்க். யாரும் வரையவில்லை, ஒளியே வரைந்தது. நாயகியின் தொப்பியிலிருந்து தொங்கும் மெல்லிய வலைத்துணி வழியாகப் பின்னணி தெரிவதை இன்றும் நீங்கள் பார்க்கலாம். பெட்ரோ விளாஹோஸும் அவருடைய கூட்டாளிகளும் அதற்காக அகாடமி விருது பெற்றார்கள். இந்தப் பட்டகத்துக்கு அரை நூற்றாண்டுக்கு முன், மாக்ஸ் ஃபிளைஷர் ஓடும் படத்தைக் கண்ணாடியில் ஒவ்வொரு ஃப்ரேமாக விழவைத்து அதன்மேல் கையால் வரைந்தார். 1917இல் காப்புரிமை பெற்றார். அவர் வைத்த பெயர் ரோட்டோஸ்கோப். நம் ஊர் ஸ்டுடியோக்களில் ‘ரோட்டோ போடு’ என்று சொல்கிறோமே, அது அங்கிருந்து வந்தது.

இன்று கணினியே ஆளை அடையாளம் கண்டு வெட்டித் தருகிறது. 2010இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ரோட்டோ பிரஷ் வந்தது, பிறகு டாவின்சி ரிசால்வில் மேஜிக் மாஸ்க். இவை வந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பத்து மணி நேர வேலை பத்து நிமிடமாகக் குறைந்தால் யாருடைய முதுகுவலியோ குறைகிறது. ஆனால் சென்ற மாதம் ஒரு கல்யாண வீடியோவில் மணப்பெண்ணை இப்படி வெட்டினேன். தலையில் இருந்த மல்லிகைச் சரத்தைக் கணினி பெண்ணோடு ஒழுங்காகச் சேர்க்கவில்லை. சில ஃப்ரேமில் சேர்த்தது, சிலவற்றில் விட்டது. ஜிமிக்கி ஆடி வெளியே போகும்போதெல்லாம் மறைந்து, உள்ளே வரும்போது திரும்பி வந்தது. ஓட்டிப் பார்த்தவர்கள் அழகு என்றார்கள். அம்புக்குறியைத் தட்டியபோதுதான் பூ உதிர்ந்து உதிர்ந்து முளைப்பது தெரிந்தது. அந்தப் பூவை நான் கையால்தான் வரைந்தேன்.

சென்னையிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் இரவெல்லாம் உட்கார்ந்து அயல்நாட்டுப் படங்களுக்கு ரோட்டோ போடுகிற இளைஞர்கள் ஏராளம். படத்தின் இறுதியில் விரைந்தோடும் பெயர்களில் அவர்கள் பெயர் வந்தால் அதிர்ஷ்டம். அவர்கள் வேலை சரியாக இருந்தால் அங்கே ஒரு வேலை நடந்ததே தெரியாது. அடுத்த முறை படம் பார்க்கும்போது அந்தப் பெயர்கள் ஓடி முடியும் வரை உட்கார்ந்திருங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவின் இரவுக்குத் திரும்புகிறேன். மறைப்பு என்று நாம் நம்புவது எப்போதும் மறைப்பு இல்லை. 2007இல் இன்டர்போல் தேடிய ஒரு குற்றவாளி, தன் படங்களில் முகத்தை நீர்ச்சுழிபோல் சுழற்றிக் கலைத்திருந்தான். ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் அதே சுழியை எதிர்த்திசையில் சுழற்றினார்கள். முகம் வந்துவிட்டது. இன்டர்போல் அதை வெளியிட, சில நாட்களில் அவன் பிடிபட்டான். அங்கே நீதிக்கு உதவியது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: சுழற்றுவது பிக்சல்களை இடம் மாற்றுகிறது, அழிப்பதில்லை. லேசான மங்கலும் முழுக்க அழிப்பதில்லை. ஒரு பிள்ளையைக் காக்க வேண்டிய இடத்தில் நான் இப்போது மங்கலாக்குவதில்லை. ஒரே நிறத்தால் முழுக்க நிரப்புகிறேன். பார்க்க அழகாக இருக்காது. கண்ணாடியில், கார்க் கதவில், தேங்கிய மழைநீரில் பிரதிபலிப்பு தெரிகிறதா என்று தேடுகிறேன். ஏற்றுமதி செய்த பிறகு, அந்தக் கோப்பையே மறுபடி திறந்து முதல் ஃப்ரேமிலிருந்து தட்டுகிறேன்.

விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். திரையில் ஒரு காட்சி வைத்திருக்கிறேன்: கடைத்தெரு, நடந்து போகும் ஒருவர், முகத்தில் மாஸ்க். நடித்தவர் என் நண்பர், சம்மதத்தோடு எடுத்தது. பத்து நொடி, 250 ஃப்ரேம். வேண்டுமென்றே நான்கு இடங்களில் பிழை விட்டிருக்கிறேன். முதலில் சாதாரண வேகத்தில் ஓட்டுகிறேன். பிறகு முன்வரிசையிலிருந்து ஒருவர் மேலே வந்து இந்த அம்புக்குறியில் விரல் வையுங்கள். வாங்க, நீங்களே வாங்கம்மா.